பதினொரு நாள் கணக்கு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க கண்ணு, எனக்கு வாந்தி கீந்தி ஒண்ணும் வராது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வெச்சுக்கறேன். உள்ள பழைய நூல் சேலைதான், கிழிச்சுத் துவைச்சுக் கொண்டுபோறேன், பச்சப்புள்ளைக்கு அடியில விரிக்க. தூக்குல நெய் இருக்குது, சாஞ்சுதுன்னா வண்டியே மணக்கும். எடப்பாடி வண்டிதானே இது? நான் அதுக்கு முந்தியே, கோரக்காடு பிரிவுல இறங்கணும்.

மருமக வீட்டுக்குப் போறனுங்க. மருமக வீடுன்னா அவ அம்மா வீடு. புள்ளை பொறந்து பதினாறு நாளாச்சு, பொம்பளப்புள்ளை, இன்னும் நான் கண்ணுல பாக்கல. உள்ள விடுவாளா, வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிருவாளா, எனக்குத் தெரியாது. எட்டு மாசமா என்ற போனை எடுக்கல. விடலைன்னா எதுத்தாப்ல வர்ற வண்டியில ஏறித் திரும்பிருவேன். கெஞ்சிக்கிட்டெல்லாம் நிக்க மாட்டேன். இந்தப் பாவாயி ஆரு வாசல்லயும் கெஞ்சி நின்னதில்லைங்க.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? டீச்சரா? என்ன பாடம்? கணக்கா! அட சாமி, உங்களைத்தான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன். ஒரே ஒரு கழித்தல் சொல்லுங்க. அம்பத்தொண்ணுல நாப்பது போனா எவ்வளவு?

பதினொண்ணு. பாத்தீங்களா? இதைத்தான் நானும் சொன்னேன். இதைச் சொன்னதுக்குத்தான் எட்டு மாசமா எனக்கு இந்தக் கதி.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். கோரக்காடு வர்ற வரைக்கும் நேரமிருக்குது.

எங்க ஊரு திருச்செங்கோட்டுக்கு மேற்க. அவரு போயி பன்னெண்டு வருசமாச்சு. ஒரே மகன், பூபதி. கட்டுத்தரையில மூணு மாடு. மாடுன்னா எங்க ஊருல என்னைக் கேக்காம ஒண்ணும் நடக்காதுங்க, பெருமைக்குச் சொல்லல. எந்த வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட்டாலும் தேதியை என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருவாங்க. நான் மாசக் காலண்டர்ல செவப்புப் பேனாவுல எழுதி வெச்சுக்குவேன். ஊசி போட்ட நாள்ல இருந்து ஒம்பது மாசம் பத்து நாள், எருமைன்னா ஒரு மாசம் கூட. கன்னு போடற நாளை நான் சொன்னேன்னா ஒரு நாள், ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும், அவ்வளவுதான். மாட்டு டாக்டரே ஒருக்கா பைக்கை நிறுத்தி, "ஏனுங்கம்மா, அந்த நாச்சிமுத்து வீட்டு எருமைக்கு எப்பன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. டாக்டரே கேக்கறாருன்னா பாத்துக்குங்க.

பூபதி ரிக் வண்டியில இருக்கறான். போர் போடற வண்டி. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அதுதான பொழப்பு, தீவாளி முடிஞ்சா வடக்க போயிருவாங்க, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு. அங்க மழை பிடிச்சாத்தான் ஆடிக்கு ஊருக்கு வருவாங்க. பொண்டாட்டியோட இருக்கறது வருசத்துல மூணு மாசம், அதுக்கு மேல இல்ல.

கோகிலாவை நான்தான் பாத்துக் கட்டி வெச்சேன். கறக்கத் தெரியாது அவளுக்கு. ஆனா ஒரு மாடும் அவளை உதைச்சதில்ல, அதைப் பாத்தே எனக்குப் பிடிச்சுப் போச்சு. பூபதி இல்லாத மாசமெல்லாம் நானும் அவளும்தான். டிவி பாத்துக்கிட்டே கடலை உடைப்போம். தலைக்கு எண்ணெய் வெச்சு விடுவா. நான் பெத்தது ஒண்ணுதான், ஆனா எனக்கு ரெண்டு புள்ளைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

கல்யாணமாயி ரெண்டாம் வருசம், பங்குனி மாசம். பூபதி வடக்க போயி அஞ்சு மாசம். துவைக்கற கல்லுக்கிட்ட நிக்கறா, பாத்தா ஜாக்கெட் ரெண்டு பக்கமும் நனைஞ்சிருக்குது. "என்ன கண்ணு, தண்ணியா?"ன்னு கேட்டேன். கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனா, "அத்தே, ஒரு மாசமா இப்படி வருது, பால் மாதிரி இருக்குது"ன்னு சொல்லி ஓன்னு அழுதுட்டா. தலைக்குக் குளிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டேன். எட்டு மாசமாச்சுங்கறா. சொல்றதுக்குக் கூச்சம் அவளுக்கு.

என்னைத் தவிர வேற மாமியாளா இருந்தா அங்கயே பேயாட்டம் ஆடியிருப்பா. நான் அவ மூஞ்சியைத் தொடைச்சு விட்டேன். ஆனா அதுக்குள்ள எதுத்த வீட்டு வளர்மதி கண்ணுல பட்டிருச்சு. அவ கண்ணுல பட்டா மைக் செட்டு வெச்ச மாதிரி. மறுநாள் காலையில பால் சொசைட்டிக்குப் போறேன், கேனை வெச்சுக்கிட்டு வரிசையில நிக்கறவங்க பேச்சு நான் போனதும் நின்னு போச்சு. புருசன் ஊருல இல்லாதவளுக்குப் பால் எப்படி வரும், எங்கயோ போயிக் கலைச்சுட்டு வந்திருக்கறா. இதுதான் பேச்சு.

கேனை டொம்முன்னு கீழ வெச்சேன் பாருங்க. "ஏண்டி, கன்னு போடாத கெடேரி பால் விட்டு நீங்க ஒருத்தரும் பாத்ததில்லையா? என்ற கருப்பி கெடேரியா இருக்கறப்ப மடி விட்டு நின்னாளே, எல்லாரும் வந்து வேடிக்கை பாத்தீங்களே! அன்னைக்கு எந்தக் காளையைப் பிடிச்சு விசாரிச்சீங்க?"ன்னு கேட்டேன். செகரட்டரி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. "என்ற மருமகளைப் பத்தி இனி ஆராவது வாயைத் தொறந்தா, உங்க மாட்டுக்குத் தேதி கேட்டு என்ற வாசப்படி ஏறாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவளுக்குச் சேதி போயிருச்சு. நான் போயிக் கேனை எறக்கறதுக்கு முந்தி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

அப்பறம் ஆஸ்பத்திரி. லேடி டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ப்ரோலாக்டின்னு ஒண்ணு, இருபத்தஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது இவளுக்கு நூத்தி எம்பது இருந்துச்சு. தலையையும் ஸ்கேன் எடுத்தாங்க. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்குதாம், அதுல கடுகளவு ஒரு கட்டி, பயப்படற கட்டி இல்லையாம். அதுதான் இந்தப் ப்ரோலாக்டினை அளவுக்கு மேல சுரக்குது. அதனால உடம்பு புள்ளை பெத்துப் பால் குடுத்துக்கிட்டு இருக்கறதா நெனச்சுக்குது, அதான் தீட்டு நின்னு போச்சு, கருவும் தங்காதுன்னாங்க. நான் சொன்னேன், "ஏனுங் டாக்டரு, இது எனக்குத் தெரியாதா? கன்னு ஊட்டிக்கிட்டு இருக்கற மாடு லேசுல காளைக்குக் கத்தாதே!" அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துச்சு. "அதேதாம்மா, கரெக்டாச் சொன்னீங்க"ன்னுச்சு. அவங்க வாயால சொன்னது இது. நான் கூட்டிச் சொல்லல.

வாரத்துக்கு ரெண்டு மாத்திரை. செவ்வாய்க்கெழமை, வெள்ளிக்கெழமை, சாப்பிட்ட பொறவு. நான்தான் எடுத்துக் குடுப்பேன், குடுத்துட்டுக் காலண்டர்ல ஒரு புள்ளி வெப்பேன். ஒரு புள்ளி விட்டதில்ல. மொத மாசம் மாத்திரை போட்டா தலை சுத்தி வாந்தி எடுப்பா. நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன், அவ அம்மாவா வந்து நின்னா? ரெண்டு மாசத்துல பால் நின்னு போச்சு. ரத்தத்துல அளவும் எறங்கிருச்சு. இனி தீட்டு வரும், சில பேருக்கு அது வர்றதுக்கு முந்தியே கரு தங்கிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரி, தங்கட்டும்னு வந்துட்டோம்.

ஆடி நாலாந்தேதி பூபதி வந்தான். காலண்டர்ல எழுதினேன். ஏன் சிரிக்கறீங்க? அதே செவப்புப் பேனாவுலதான் எழுதினேன், வீட்டுல வேற பேனா இல்ல.

ஆவணி பொறந்ததும் மாங்காய் வேணும்னா. தீட்டே வராமத் தங்கிருச்சுங்க, டாக்டரு சொன்ன மாதிரியே. எனக்கு இருந்த சந்தோசத்துக்குக் கட்டுத்தரையில நின்னு கருப்பிகிட்டச் சொல்லிட்டு அழுதேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. தலைவலி ரொம்ப வந்தாலோ, கண்ணு மங்கினாலோ மட்டும் உடனே ஓடி வரணும்னாங்க. ஆவணி பதிமூணு அன்னைக்கு வயித்தை ஸ்கேன் எடுத்தாங்க. கடைசியாக் குளிச்ச தேதின்னு ஒண்ணு இல்லையே, அதனால புள்ளையோட அளவை வெச்சே நாள் பாத்தாங்க. ஏழு வாரம் ரெண்டு நாள்னு போட்டுக் குடுத்தாங்க.

ராத்திரி சோறு ஆக்கிக்கிட்டே எண்ணிப் பாத்தேன். ஏழேழு நாப்பத்தொம்பது, ரெண்டு, அம்பத்தொண்ணு. பூபதி வந்து நாப்பது நாள்.

நீங்கதான் கணக்கு டீச்சராச்சே. பதினொரு நாள் எங்க இருந்து வந்துச்சு? சொல்லுங்க.

அதோட விட்டாப் பரவாயில்ல. ஆனி மாசக் கடைசியில, பூபதி வர்றதுக்கு முந்தி, அவ அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழான்னு ஊருக்குப் போயிருந்தா. எத்தனை நாள் இருந்தாங்கறீங்க? எண்ணினா பன்னெண்டு நாள். அங்க பந்தல் போட்டது ஆரு? அவ மாமன் மகன். என்ற மகனுக்கு முந்தி அவளைக் கேட்டு வந்தவன். நான் ஒண்ணும் சொல்லல. தேதி அப்படி வந்து நிக்குது, நான் என்ன பண்ண?

ஆருகிட்டயும் நான் சொல்லல கண்ணு. சத்தியமாச் சொல்லல. கேட்டேன். மறுநாள் சொசைட்டியில நர்சம்மா நின்னுக்கிட்டிருந்துச்சு, எங்க ஊருக்கு வர்ற நர்சம்மா, அது அங்கதான் பால் வாங்கும். வரிசையில நின்ன வாக்குல கேட்டேன். "ஏனுங் நர்சம்மா, ஏழு வாரம் ரெண்டு நாளுன்னா அம்பத்தொரு நாளுதானுங்களே? பூபதி வந்து நாப்பது நாளுதான ஆச்சு?" அவ்வளவுதான். சந்தேகம் வந்தா நர்சைத்தான கேக்கணும்? வரிசையில பதினஞ்சு பேரு நின்னது என் தப்பா?

நர்சம்மாவுக்கு மூஞ்சி மாறிப் போச்சு. என்னை ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்லுச்சு. "டாக்டருங்க எப்பவுமே கடைசித் தீட்டுல இருந்துதான் எண்ணுவாங்கம்மா. கரு தங்கறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. அதனால ஏழு வாரம்னு போட்டிருந்தா, கரு தங்கி அஞ்சு வாரம்னு அர்த்தம். ரெண்டு வாரத்தைக் கழிங்க, முப்பத்தேழு நாள் வரும். உங்க மகன் வந்து நாப்பது நாள். சரியாத்தான இருக்குது?"

நான் விடுவனா? "தீட்டே வராதவளுக்கு எந்தத் தீட்டுல இருந்து எண்ணினாங்க?"ன்னேன். ஸ்கேன் மெசினும் எல்லாருக்கும் அந்த வழக்கத்துலயேதான் சொல்லும்னுச்சு. அது எப்படிங்க? வயித்துல இல்லாத புள்ளைக்கு ரெண்டு வாரம் வயசு போடுவாங்களா? மாட்டுக்கு அப்படிப் போடறோமா? ஊசி போட்ட அன்னைக்கு ஒண்ணாம் நாள். அன்னைக்கு முந்தி மாடு சும்மா புல்லுதான் தின்னுக்கிட்டிருந்துச்சு. இதை எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்.

நீங்களும் தலையாட்டறீங்க. நீங்களும் நர்சம்மா கட்சியா? சரி, படிச்சவங்க எல்லாரும் ஒரே கட்சிதான். விடுங்க.

வீட்டுக்கு வர்றேன், கோகிலா அரிசி களைஞ்சுக்கிட்டிருக்கறா. வளர்மதி எனக்கு முந்தியே வந்துட்டுப் போயிட்டா. இவ நிமிந்து பாத்தா. நான் ஒரு கேள்வி கேட்டேன், ஒரே கேள்விங்க. "உங்க அண்ணன் வீட்டுல பன்னெண்டு நாள் ஏன் இருந்த?" திட்டல, கையை ஓங்கல, வாயை விட்டு ஒரு தப்பு வார்த்தை வரல. மாமியா கேக்கக் கூடாத கேள்வியா இது?

அழுவான்னு நெனச்சேன். அழுதிருந்தா நான் அப்பவே சரின்னு விட்டிருப்பேன். அழல. கையை உதறிட்டு எந்திரிச்சா. "அத்தே, எனக்குப் பால் வடிஞ்சப்ப ஊரே இதைத்தான் கேட்டுச்சு. நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பதில் சொன்னீங்க. இப்ப நீங்களே கேக்கறீங்க. இனி எனக்காக ஆரு பதில் சொல்லுவா?"ன்னா. "நீயே சொல்லு"ன்னேன். "மாட்டேன். உங்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்"ன்னா. அந்த ஆஸ்பத்திரி பைலை எடுத்து என்ற முன்னால வெச்சா. ரெண்டு சேலையை எடுத்துப் பையில திணிச்சா.

வாசல்ல நின்னு சொன்னா பாருங்க. "எந்த இடத்துல கேட்டீங்களோ அதே சொசைட்டியில, அதே ஆளுங்க முன்னால, உங்க கணக்கு தப்புன்னு உங்க வாயால சொல்லணும். சொன்னாத்தான் என்ற புள்ளையை நீங்க பாக்கலாம். இல்லைன்னா பாக்க முடியாது."

எவ்வளவு ஏத்தம் பாருங்க! என்ற கணக்கைத் தப்புன்னு, அதுவும் சொசைட்டியில, நான் போயிச் சொல்றதா! "போடி"ன்னேன். போயிட்டா.

பூபதி வயக்காட்டுல இருந்து வந்தான். விசயத்தைச் சொன்னேன். கையிலிருந்த மம்பட்டியைச் செவுத்துல சாத்திட்டு, "வாயை மூடும்மா"ன்னான். பொறந்ததுல இருந்து என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல அவன். அவனும் கெளம்பி அவ வீட்டுக்கே போயிட்டான். தீவாளி வரைக்கும் அங்க இருந்துட்டு, அப்படியே ரிக்குக்குப் போயிட்டான். தெனம் போன் பண்ணுவான். சாப்பிட்டியான்னு கேப்பான், மாடு எப்படியிருக்குன்னு கேப்பான், வெச்சுருவான்.

நான் தப்புப் பண்ணலைங்க. அதனால எனக்கு வெசனமும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன். ஒருத்திக்கு ஆக்கித் திங்கறது என்ன பெரிய வேலை? ஒரு ஆழாக்கு அரிசி. டிவி போடறதை நிறுத்திட்டேன், கரண்டு மிச்சம்.

மார்கழியில அவளுக்குத் தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. எனக்கு ஒருத்தரும் சொல்லல. வளர்மதி சொல்லித்தான் தெரியும், அவ தங்கச்சியை அந்த ஊருலதான குடுத்திருக்குது. தலைவலின்னா என்ன, கண்ணு மங்கினா என்னன்னு எனக்குத் தெரியுமல்ல? அந்தக் கட்டி பெருசாயிருச்சான்னு கை காலெல்லாம் ஓடல. போன் பண்றேன், பண்றேன், எடுக்கவே இல்ல. ரெண்டு நாளாச் சோறு எறங்கல. அப்பறம் கண்ணெல்லாம் சோதிச்சுப் பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு மறுபடியும் வளர்மதிதான் வந்து சொன்னா. அவளுக்கு ஒரு சொம்பு மோர் குடுத்தேன். அவளுக்குப் போயி மோர் குடுக்கற நெலமைக்கு வந்துட்டேன் பாருங்க.

எங்க பக்கத்துல ஏழாம் மாசம் கட்டுச்சோறுன்னு ஒண்ணு. பொண்ணோட ஆளுங்க புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறுன்னு கட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாங்க. எல்லாருக்கும் போட்டுட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. என்ற வாசலுக்கு வரல. பொண்ணுதான் அங்கயே இருக்குதே, எதைக் கூட்டிக்கிட்டுப் போக வருவாங்க? நான் வளையல் மட்டும் வாங்கி வெச்சிருந்தேன். ரெண்டு டசன், பச்சையும் செவப்பும். வாங்கினதை ஆருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

அவளுக்கும் ஒரு நாள் குறிச்சிருந்தேன் காலண்டர்ல. ஆடி நாலுல இருந்து ஒம்பது மாசம் பத்து நாள், சித்திரை பதினாலு. அது என்ற மகன் புள்ளைன்னா சித்திரை பதினாலை ஒட்டித்தான் பொறக்கணும். தெனம் அந்தத் தேதியைப் பாப்பேன். சாமிகிட்டக்கூட வேண்டிக்கிட்டேன், பதினாலுக்கே பொறக்கட்டும்னு. பதினாலுல பொறந்திருந்தா சந்தோசமாப் போயி, நான்தான் தப்புன்னு சொல்லியிருப்பேன். அதுல எனக்கு ஒரு கவுரவக் குறைச்சலும் இல்ல.

பூபதி போன் பண்ணினான். சித்திரை மூணு. "பொண்ணு பொறந்திருக்கும்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. டாக்டரு சொன்ன தேதிக்கு ஒரே நாள்தான் தள்ளிப் போச்சு"ன்னான்.

மூணுக்கும் பதினாலுக்கும் எவ்வளவுங்க? நீங்களே சொல்லுங்க. பதினொண்ணு. அச்சடிச்ச மாதிரி பதினொண்ணு! என்ற கணக்கு ஜெயிச்சிருச்சு. ஊரைக் கூட்டிச் சொல்லலாம். அந்த நர்சம்மாவைக் கூப்பிட்டு மூஞ்சிக்கு முன்னால காலண்டரை நீட்டலாம்.

ஒரு சொட்டுச் சந்தோசம் வரல கண்ணு. காலண்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறேன், மாடு தண்ணிக்குக் கத்துது, எந்திரிக்க முடியல. பூபதிகிட்ட, "மூணாந்தேதியாடா?"ன்னு மறுபடியும் கேட்டேன். அவனுக்குப் புரிஞ்சு போச்சு. "அம்மா, எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அது என்ற புள்ளை. உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு"ன்னான். நான் போனை வெச்சுட்டேன்.

எனக்கு என்ன வேணும்? எனக்கு அவ வேணுங்க. அவ திரும்பி வரணும். தலைக்கு எண்ணெய் வெச்சு விட ஆளில்லாம எட்டு மாசமா என்ற தலை காய்ஞ்சு கெடக்குது. கணக்கைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்ண?

பதினஞ்சு நாள் யோசிச்சேன். இன்னைக்குக் காலையில கேனைத் தூக்கிக்கிட்டுப் போனேன். வரிசை முழுக்க ஆளு. வளர்மதி இருக்கறா, நர்சம்மா இருக்குது, செகரட்டரி பாலுக்கு டிகிரி பாத்துக்கிட்டிருக்கறாரு. கேனைக் கீழ வெச்சேன். "எல்லாரும் கேளுங்க. போன ஆவணியில நான் இந்த எடத்துல ஒண்ணு கேட்டேன். அது தப்பு. என்ற கணக்கு தப்பு. என்ற மருமக மேல ஒரு குத்தமும் இல்ல. புள்ளை என்ற மகன் புள்ளை"ன்னு சொன்னேன். கணீர்னு சொன்னேன், கடைசியில நின்னவனுக்கும் கேட்டுச்சு.

அப்பறம் நாச்சிமுத்து பொண்டாட்டி கேக்கறா, "அப்ப எங்க எருமைக்குச் சொன்ன தேதியும் தப்பா இருக்குமா அத்தே?" கூட ரெண்டு பேரு சிரிச்சாங்க. முப்பது வருசம் சேத்து வெச்ச பேருங்க அது. நின்ன எடத்துல போச்சு. இனி எவளும் தேதி கேட்டு வர மாட்டா. நர்சம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இப்பவாவது புரிஞ்சுதே, சந்தோசம்"ன்னுச்சு. புரியலடி, பொய் சொல்றேன்னு வாய் வரைக்கும் வந்திருச்சு. முழுங்கிட்டேன்.

ஆமாங்க, பொய்தான். அறுபத்தி ரெண்டு வயசுல சபையில நின்னு நான் சொன்ன ஒரே பொய். என்ற கணக்கு தப்பே இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழிச்சுப் பாத்துத்தான சொன்னீங்க? தப்பு நடந்தது அவ பக்கந்தான். நடந்தது நடந்துட்டுப் போகுது. அவளுக்காகச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்.

என்னது? இல்ல இல்ல, நீங்க அந்த ரெண்டு வாரத்தை மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. நீங்க நல்ல டீச்சரா இருப்பீங்க, அதெல்லாம் சரி. ஆனா மாடு வளத்ததில்ல. வயித்துல இல்லாத புள்ளைக்கு வயசு கெடையாது, அவ்வளவுதான்.

கண்டக்டரு தம்பி, கோரக்காடு பிரிவு இருக்குதுங்க!

எந்திரிக்கட்டுங்களா கண்ணு? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க தெனம் இந்த வண்டியில வர்றவங்க, அவளும் நாளைப் பின்ன இதே வண்டியில ஊசி போட புள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவா. பேச்சுவாக்குல எதையாவது சொல்லிறாதீங்க. அத்தை மனசாரத்தான் சொன்னாங்கன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். மூஞ்சியைப் பாத்துக் கேப்பா, தெரியும். "நம்பித்தான் சொன்னீங்களா அத்தே?"ன்னு கேப்பா. ஆமான்னு சொல்லுவேன். கண்ணைப் பாத்தே சொல்லுவேன்.

அட, அங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது ஆரு? சம்பந்தியம்மாவா? இந்த வெயில்ல எனக்காகவா வந்து நிக்கறாங்க? நான் வர்றேன்னு ஒருத்தருக்கும் சொல்லலையே. அந்த வளர்மதி வேலைதான். அவ வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் இன்னைக்கு.

வரட்டுங்களா கண்ணு? புள்ளையைக் கையில வாங்கினதும் எல்லாரும் என்ற வாயைத்தான் பாப்பாங்க, என்ன சொல்றேன்னு. மூக்கு ஆரு மாதிரி வேணா இருந்துட்டுப் போகட்டும். அப்படியே பூபதி மூக்குன்னுதான் சொல்லப் போறேன்.